இரும்பின் குரலைக் கேட்டவர்கள்



இந்த வாசகர் வட்டத்தில் எழுத்தாளர்களைப் பற்றிப் பேசியிருக்கிறோம், ஓவியர்களைப் பற்றிப் பேசியிருக்கிறோம். இன்று நான் விரும்பிக் கேட்டு வாங்கிய தலைப்பு, பெர்லின் நகரத்து இசைக்குழு ஒன்று. பெயர் ஐன்ஷ்டூர்ட்செண்டே நொய்பௌட்டன். இடிந்து விழும் புதுக் கட்டடங்கள் என்று பொருள். இண்டஸ்ட்ரியல் ராக் என்று இன்று உலகம் சொல்லும் இசையின் மூலவர்களில் இவர்களும் உண்டு. 1976இல் லண்டனில் த்ராபிங் கிரிஸில் குழுவினர் தங்கள் இசைத்தட்டு நிறுவனத்துக்கு இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் என்று பேர் வைத்தார்கள். அங்கிருந்துதான் இந்த வகைக்குப் பேர் வந்தது. அந்தப் பேருக்கு இரும்பும் துருவும் வியர்வையும் கொடுத்தவர்கள் பெர்லின்காரர்கள்.

இவர்களை உடைப்பவர்கள் என்றே முக்கால்வாசிப் பேர் எழுதுகிறார்கள். நான் அதை மறுக்கத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்து, ஒரு நகரத்தை இவ்வளவு பொறுமையாகக் காதுகொடுத்துக் கேட்ட இசைக்கலைஞர்கள் வெகு சிலர்.

1980ஆம் ஆண்டின் மேற்கு பெர்லினை நினைத்துப் பாருங்கள். 1961 முதல் சுவர் சூழ்ந்த ஊர். எந்தத் திசையில் போனாலும் எல்லைக் காவல். போர் முடிந்து முப்பத்தைந்து ஆண்டாகியும் குண்டு விழுந்த மனைகள் பல வெறுமையாகவே கிடக்கின்றன. மேற்கு ஜெர்மனியின் மற்ற ஊர்களில் இளைஞனுக்குக் கட்டாய ராணுவ சேவை உண்டு. மேற்கு பெர்லினில் குடியிருப்பவனுக்கு இல்லை. துப்பாக்கி தூக்க மனமில்லாதவன், ஓவியன், பாடகன், வீட்டோடு ஒத்துப்போகாதவன் எல்லோரும் அந்த ஊருக்கு வந்தார்கள். ஆளில்லாத வீடுகளில் நுழைந்து குடியேறினார்கள். கையில் காசில்லை, நேரம் மட்டும் நிறைய இருந்தது.

அந்த ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி, மூன் என்ற சிறிய கிளப்பில் நான்கு பேர் மேடை ஏறினார்கள். பிளிக்ஸா பார்கெல்ட், ஆண்ட்ரூ உன்ரூ, குட்ரூன் கூட், பெயாட்டே பார்டெல். இருவர் ஆண்கள், இருவர் பெண்கள். பெண்கள் இருவரும் விரைவிலேயே பிரிந்து தங்கள் வழியில் போனார்கள். மறு ஆண்டே குட்ரூன் கூட், மலாரியா என்ற பெண்கள் குழுவைத் தொடங்கிப் பேர் வாங்கினார். இந்தக் குழுவின் வரலாற்றை எழுதும் பலர் அந்த இருவரையும் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். நீங்கள் தாண்டாதீர்கள். கூட் இந்தக் கதைக்குள் திரும்பவும் வருவார்.

அதே ஆண்டு மே 21ஆம் தேதி, அமெரிக்கா அந்த நகரத்துக்கு அளித்த புதுமையான மாநாட்டு மண்டபம், காங்கிரஸ் ஹாலே, கூரை சரிந்து விழுந்தது. கட்டி இருபத்து மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஓர் உயிர் போனது. குழுவுக்கு அந்தப் பெயரை வைத்து ஏழு வாரம்தான் ஆகிறது! பெயரின் பலன் என்று நான் சொல்லவில்லை. அந்த நகரத்தில் கட்டடம் என்பது நம்பி நிற்கக்கூடிய பொருளாக இல்லை. அதை அந்த இளைஞர்கள் உடம்பால் உணர்ந்திருந்தார்கள்.

உன்ரூ தாளக்காரர். பணமுடை வந்தபோது தன் டிரம்ஸை விற்றுவிட்டார். விற்றவர் வாசிப்பதை விடவில்லை. கட்டுமான இடங்களிலும் பழைய இரும்புக் குவியல்களிலும் கிடந்த தகரம், குழாய், பீப்பாய் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றும் வேறு குரலில் பேசியது. அந்த ஜூன் மாதத் தொடக்கத்தில் அவரும் பார்கெல்டும் ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தின் உள்ளே புகுந்தார்கள். பாலத்தின் மேலே அல்ல, அடியிலும் அல்ல. பாலத்தின் வயிற்றுக்குள்! தலைக்கு மேல் வண்டிகள் ஓட, உள்ளே குனிந்தபடி இரும்புச் சுவரைத் தட்டி ஒலிப்பதிவு செய்தார்கள். ஷ்டால்மூசிக் என்ற பெயரில் அது கேசட்டாக வந்தது. அதைக் கேட்கும்போதெல்லாம், அந்தப் பாலம் கட்டப்பட்ட நாள் முதல் யாராவது தன்னைத் தட்டிப் பார்க்க மாட்டார்களா என்று காத்திருந்ததாகவே எனக்குத் தோன்றும்.

பிறகு மூன்று பேர் சேர்ந்தார்கள். ஹாம்பர்க் நகரத்தின் அப்வெர்ட்ஸ் குழுவிலிருந்து எஃப்.எம். ஐன்ஹைட் வந்தார், மலை போன்ற மனிதர், கடப்பாரையையும் கல்லையும் தாளக்கருவி ஆக்கியவர். அதே குழுவிலிருந்து பேஸ் கிட்டார் வாசிக்க மார்க் சுங் வந்தார். பெர்லினிலேயே பிறந்த அலெக்சாண்டர் ஹாக்கே, மீசை அரும்பாத பள்ளிக்கூட வயதில் வந்து ஒட்டிக்கொண்டார். 1981இல் கொலாப்ஸ் என்ற முதல் முழு இசைத்தட்டு வெளிவந்தது. கேட்பவரை விரட்டியடிக்கும் தட்டு அது. பார்கெல்டின் குரலைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மனிதத் தொண்டையா, இரும்பை அறுக்கும் ரம்பமா என்று திகைக்க வைக்கும் கூச்சல். அந்தக் கூச்சல்காரரையே ஆஸ்திரேலியப் பாடகர் நிக் கேவ் தன் பேட் சீட்ஸ் குழுவுக்குக் கிட்டார் வாசிக்க அழைத்தார். 1983இல் போனவர் 2003 வரை அங்கே இருந்தார், தன் சொந்தக் குழுவையும் நடத்திக்கொண்டு.

1984 ஜனவரி 3ஆம் தேதி, லண்டன் ஐ.சி.ஏ. அரங்கம். பக்கிங்ஹாம் அரண்மனைக்குப் போகும் வழியில் இருக்கிறது. குழுவில் சிலரும் வேறு சில இசைக்கலைஞர்களும் கான்கிரீட் கலவை எந்திரம், துளைப்பான், ரம்பம் சகிதம் மேடை ஏறினார்கள். சற்று நேரத்தில் மேடையையே துளைக்கத் தொடங்கினார்கள். நிர்வாகம் பாதியில் நிறுத்தியது. பத்திரிகைகளுக்கு அது பெருவிருந்து. உடைப்பவர்கள் என்ற முத்திரை அன்றோடு ஆழமாக விழுந்தது. இருபத்து மூன்று ஆண்டு கழித்து, 2007இல், அதே அரங்கத்தில் அந்த நிகழ்ச்சியைக் கலைப்படைப்பாகத் திரும்ப நடித்துக் காட்டினார்கள் என்றால் அந்த ஓர் இரவின் புகழைப் பாருங்கள்!

அந்த இரவோடு நின்றுபோகிறவர்களிடம் நான் கேட்கிறேன்: 1985இல் வந்த ஹால்பர் மென்ஷ் தட்டைக் கேட்டீர்களா? அதன் முதல் பாட்டில் இரும்பே இல்லை. கருவியே இல்லை. மனிதக் குரல்கள் மட்டும், தேவாலயச் சேர்ந்திசை போல, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு எழுகின்றன. அதே குழு, அதே தொண்டைகள்! ஜப்பான் இயக்குநர் சோகோ இஷி அவர்களை ஒரு பாழடைந்த இரும்பாலைக்கு அழைத்துப்போய் படமெடுத்தார். புத்தோ நடனக்காரர்கள் உடலில் வெள்ளை பூசி அந்தத் துருவுக்கிடையில் ஆடினார்கள். வெறும் முரடர்களால் அந்தப் படத்தில் நின்றிருக்க முடியாது.

நண்பர்களே, இனி நான் சொல்லப்போவதற்காகவே இந்தத் தலைப்பைக் கேட்டு வாங்கினேன்.

1989 நவம்பர் 9. சுவர் திறந்தது. ஆறு வாரம் கழித்து, டிசம்பர் 21ஆம் தேதி, நொய்பௌட்டன் குழு கிழக்கு பெர்லினில் வாசித்தது. எங்கே? லிஷ்டென்பெர்க் பகுதியில் எலெக்ட்ரோகோலே என்ற அரசுத் தொழிற்சாலையில். மின்சாதனங்களுக்கான கரிப்பொருள்கள் செய்யும் ஆலை. பத்தாண்டுகளாகச் சுவருக்கு இந்தப் பக்கம் தொழிற்சாலை ஓசையைக் கலையாக்கியவர்கள், அந்தப் பக்கத்தில் உண்மையிலேயே தொழிற்சாலையில் உழைத்த மக்களின் முன்னால் நின்றார்கள். பதிவுமேல் பதிவாகக் கைமாறிய கேசட்டுகளில் ரகசியமாய்க் கேட்டுக்கொண்டிருந்த ரசிகர்கள் அங்கே முதல்முறையாக அந்தக் குழுவைக் கண்ணால் பார்த்தார்கள். அந்த இரவைப் பற்றி இருபது ஆண்டு கழித்து ஊலி ஷ்யூப்பெல் ஓர் ஆவணப்படம் எடுத்தார், கிடைத்தால் பாருங்கள்.

அன்று கூட்டத்தில் ஒரு பெரியவர் இருந்தார். கிழக்கு ஜெர்மனியின் மாபெரும் நாடகாசிரியர் ஹைனர் ம்யூல்லர். சொந்த நாடு அவருடைய நாடகங்களைப் பல ஆண்டுகள் மேடையேற விடவில்லை. அவருடைய ஹாம்லெட்மெஷின் நாடகத்தை மறு ஆண்டு கிழக்கு ஜெர்மனி வானொலி நிகழ்ச்சியாகத் தயாரித்தபோது இசை இந்தக் குழுவினுடையது. ஹாம்லெட்டாகப் பேசியவர் பார்கெல்ட். ஒஃபீலியாவாகப் பேசியவர், நான் மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட குட்ரூன் கூட். மேடைக் குறிப்புகளை ம்யூல்லரே தன் குரலில் வாசித்தார். மறைந்துகொண்டிருந்த ஒரு நாட்டின் வானொலியில் அந்தக் குரல்கள் ஒன்றுசேர்ந்தன. இலக்கியம் படிக்கும் நாம் இந்தக் குழுவைத் தெரிந்துகொள்ள இது ஒன்றே போதும்.

தொண்ணூறுகளின் நடுவில் மார்க் சுங் விலகி இசைப் பதிப்புத் தொழிலுக்குப் போனார், ஐன்ஹைட்டும் விலகினார். யோஹென் ஆர்பைட், ருடால்ஃப் மோசர் இருவரும் வந்தார்கள். இரைச்சல் குறைந்தது. 2000இல் வந்த சைலன்ஸ் இஸ் செக்சி தட்டில் சிகரெட்டை இழுக்கும் ஓசைகூட இசையாகிறது. பாட்டின் நடுவே மௌனம் நீண்டு கிடக்கிறது. பழைய ரசிகர்கள் சிலர் சோர்ந்தார்கள். நான் சோரவில்லை. தகரத்தின் குரலைக் கேட்ட காதுதான் மௌனத்தின் குரலையும் கேட்கிறது.

இசைத்தட்டு நிறுவனத்தை நம்பாமல் வாழும் வழியையும் அவர்கள் தேடினார்கள். 2002இல் ரசிகர்களிடமே இணையம் வழி முன்பணம் வாங்கி, ஒலிப்பதிவுக் கூடத்தில் நடப்பதை அவர்களுக்கு நேரலையாகக் காட்டி, அவர்கள் கருத்தையும் கேட்டு இசை அமைத்தார்கள். பொதுமக்களிடம் நிதி திரட்டிப் படைப்பது என்று இன்று பரவியிருக்கும் முறைக்குப் பேர்கூட ஏற்படாத காலம் அது. 2004 நவம்பரில் அந்த ஆதரவாளர்களில் பலரையே பாடகர் குழுவாக நிறுத்தி, கிழக்கு ஜெர்மனியின் நாடாளுமன்றம் இருந்த குடியரசு மாளிகையில் வாசித்தார்கள். உள்ளே எல்லாம் பெயர்த்தெடுக்கப்பட்டு எலும்புக்கூடாக நின்ற மாளிகை. சில ஆண்டுகளில் அதுவும் இடிக்கப்பட்டது.

பத்தாண்டு கழித்து இன்னொரு இடிபாட்டை எடுத்தார்கள். முதல் உலகப்போரில் தரைமட்டமான பெல்ஜியம் ஊர் டிக்ஸ்மௌடே. போரின் நூற்றாண்டுக்கு ஒரு படைப்பு வேண்டும் என்று அந்தப் பகுதி மக்கள் அழைத்தார்கள், ஜெர்மானியர்களை! லாமெண்ட் என்ற அந்தப் படைப்பு 2014 நவம்பர் 8 அன்று அந்த ஊரில் அரங்கேறியது. முள்வேலிக் கம்பியை இழுத்துக் கட்டி யாழ் போல மீட்டினார்கள். ஜெர்மன் முகாம்களில் இருந்த போர்க்கைதிகளை அந்தக் காலத்து அறிஞர்கள் பேசவைத்துப் பதிவு செய்திருந்தார்கள். ஊதாரி மைந்தன் உவமையை அவரவர் மொழியில் சொல்லும் அந்தக் குரல்களைப் பெர்லின் ஆவணக் காப்பகத்திலிருந்து எடுத்து இசைக்குள் வைத்தார்கள். வீடு திரும்பும் மகனின் கதையை, வீடு திரும்ப முடியாதவர்கள் சொல்கிறார்கள்.

அதில் ஒரு பகுதிக்குக் கருவி வெறும் பிளாஸ்டிக் குழாய்கள். ஒவ்வொரு குழாயும் போரில் இறங்கிய ஒரு நாடு. ஒவ்வொரு அடியும் ஒரு நாள். ஒரு நாடு போருக்குள் வந்தால் அதன் குழாய் ஒலிக்கத் தொடங்கும், விலகினால் நின்றுவிடும். 1914இலிருந்து 1918 வரை ஒரு நாள்கூட விடாமல் அடிக்கிறார்கள். அது முடிய 13 நிமிடத்துக்குச் சற்று மேலே ஆகும்.

2020இலும் 2024இலும் புதிய இசைத்தட்டுகள் வந்தன. அவற்றைப் பற்றிப் பேசக் கலந்துரையாடலில் நேரம் இருக்கிறது. இப்போது நான் பேச்சை நிறுத்திக்கொள்கிறேன். ஒலிபெருக்கியில் அந்த 13 நிமிடப் பகுதியைப் போடச் சொல்லியிருக்கிறேன். தொடக்கத்தில் சில குழாய்கள்தான் கேட்கும். ஆண்டு செல்லச் செல்ல எத்தனை சேருகின்றன என்று கவனித்துக் கேளுங்கள்.