பழைய வேனின் ரப்பர் விரிப்பு
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியமும் இசையும் முழங்கிய இம்மேடையில், காலடியில் கிடக்கும் ஒரு பொருளைப்பற்றிப் பேச முன்வந்துள்ளோம். பழைய வேன்களின் ரப்பர்த் தரைவிரிப்பே அப்பொருள். வண்டியைப் புதுப்பிப்போர் முதலில் கழற்றி எறிவதும் அதுவே. பின்னர்த் தேடி அலைவதும் அதுவே.

ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் வேனை எடுத்துக்கொள்வோம். அதன் உற்பத்தி 1950-இல் வோல்ஃப்ஸ்பர்க் நகரில் தொடங்கி, 1956-இல் ஹானோவருக்கு மாறிற்று. ரப்பர் மரத்தின் தாயகமாகிய பிரேசிலில் அதன் வழிவந்த வண்டி 2013 வரை உருவாயிற்று. அப்பழைய வேனில் எஞ்சின் பின்புறம் இருக்கும். ஓட்டுநர் முன்சக்கரங்களுக்கு மேல் அமர்வார். பெடல்களும் கியர்த் தண்டும் ஸ்டியரிங் தண்டும் தரையைத் துளைத்து மேலெழும். ஆதலின் விரிப்பும் அத்தரைக்கென்றே, உரிய துளைகளுடன் அமைக்கப்பட்டது. சேற்றையும் ஈரத்தையும் தாங்குதல், தகட்டின் அதிர்வொலியை அடக்குதல், ஓட்டுநரின் கால் வழுக்காது காத்தல் ஆகியவை அதன் பணிகள்.

இன்று புதிய விரிப்புகள் விலைக்குக் கிடைக்கின்றன. எனினும் வரிகளின் அமைப்பிலும் கனத்திலும் அவை பழையதை ஒத்திருப்பது அரிது. ஓட்டுநரின் குதிகால் ஊன்றித் தேய்ந்த பள்ளம் புதியதில் ஏது? ஊரிலிருந்து கொணர்ந்த குத்துவிளக்கின் தேய்ந்த விளிம்பை நாம் அராவி எறிவதில்லையன்றோ! 1966-இல் தோன்றிய உலகப் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பு, 2012-இல் ஏற்ற டூரின் சாசனத்தில், உள்ளதைக் காப்பதையே முதன்மையாக வலியுறுத்துகின்றது. புதியதை என்றும் வாங்கலாம். எறிந்ததை மீட்க இயலாது.

ரப்பர் ஏன் கெடுகின்றது? 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்ட முறைப்படி, ரப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கினால் அதன் நீண்ட இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து உறுதி பெறும். காலப்போக்கில் உயிர்வாயு, ஓசோன், வெயில், வெப்பம் ஆகியவை ரப்பரைச் சிதைக்கின்றன. ரப்பர் இறுகி வெடிக்கின்றது. இவ்வாறு இறுகியதை மீண்டும் இளமையாக்கும் மருந்து இல்லை. மேலும் கெடாமல் நிறுத்துவதே நம்மால் இயல்வது.

செய்முறை எளிது. இறுகிய விரிப்பைக் குளிர்ந்த நிலையில் இழுத்தால் கிழியும். இளஞ்சூட்டில் சற்றுத் தளரவிட்டு, இருவர் கூடி ஓரங்களிலிருந்து மெல்ல எடுக்க வேண்டும். மென்மையான சோப்பு நீராலும் தூரிகையாலும் கழுவி, நிழலில் உலர்த்தலாம். பெட்ரோல், மண்ணெண்ணெய் ஆகியவை ரப்பரை உப்பச் செய்வதால் அவற்றைத் தொடவே கூடாது. பளபளப்புப் பூச்சும் வேண்டா. பெடலருகே கால் வழுக்கினால் உயிருக்கே கேடு.

கிழிசலுக்கு மருந்து சைக்கிள் கடையில் உண்டு. அடிப்புறத்தை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைப் பூசி, அது ஒட்டும் பதம் வந்ததும் மெல்லிய ரப்பர்த் துண்டை வைத்து, ஓரிரவு பாரம் ஏற்றினால் போதும். விரிப்பை மீண்டும் இடுமுன் தகட்டைக் கட்டாயம் ஆராய்க. அடியில் தங்கிய நீர் ஓசையின்றி இரும்பைத் தின்னும். துருவை நீக்கி, வண்ணம் பூசி, நன்கு உலர்ந்த பின்னரே விரிக்க வேண்டும்.

பெடலில் சிக்குமளவு நைந்த விரிப்பை ஓட்டும் வண்டியில் இடுதல் தகாது. அதனைத் தடித்த காகிதத்தின்மேல் பரப்பி வடிவெடுத்து, அவ்வளவில் புதியதொன்றை வெட்டிப் பயன்படுத்துவோம். பழையதை மடிக்காமல், இருளும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் வைப்போம். மின்மோட்டார் ஓடும் அறை ஆகாது. அதன் பொறி ஓசோனை உண்டாக்கும்.

காலனி இளைஞர்காள்! பழைய வண்டி ஒன்று உங்கள் கைக்கு வருமாயின், மேலுள்ள வண்ணத்தை நோக்குமுன் குனிந்து தரையை நோக்குங்கள். அங்கே கிடப்பது குப்பையா, வண்டியின் வரலாறா என்பதை ஆராய்ந்த பின்னரே கை வையுங்கள் எனக் கேட்டுக்கொண்டு அமர்கின்றோம்.