மாவு டப்பாவும் எலிப் பொந்தும்

(கோலார் தங்கவயலில் ஒரு கற்போர் மையத்தில் தொண்டர் ஒருவர் பேசியது)



இன்று பாடப் புத்தகத்தை மூடி வையுங்கள். இன்று நாம் இரண்டு விஷயம் பேசப் போகிறோம். ஒன்று, வீட்டில் பிஸ்கட் சுடுவது. இன்னொன்று, வீட்டுக்குள் எலி வராமல் தடுப்பது.

இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? சம்பந்தம் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கதையைக் கேட்டால் புரியும்.

அம்மா கற்ற தொழில்

நம் ஊர்த் தங்கச் சுரங்கம் 2001ஆம் ஆண்டு மூடப்பட்டது. அப்போது நான் கைக்குழந்தை. அப்பாவுக்கு வேலை போயிற்று. அவர் தினமும் ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போனார். விடியும் முன் போவார். இருட்டிய பிறகு வருவார்.

அந்தச் சம்பளம் போதவில்லை. அம்மா ஆங்கிலோ இந்தியர் ஒருவர் வீட்டில் வேலை செய்தவர். அங்கே கேக், பிஸ்கட் செய்வதைப் பார்த்துக் கற்றிருந்தார். நம் ஊரில் கிறிஸ்துமஸ் வந்தால் எல்லா லைன்களிலும் கேக் வாசனைதான். சாதி, மதம் பார்க்காமல் எல்லோரும் வாங்குவார்கள். அம்மா நெய் பிஸ்கட் சுட்டு விற்க ஆரம்பித்தார். வடக்கே இதை நான்கட்டாய் என்பார்கள்.

எங்களிடம் அவன் அடுப்பு இல்லை. மின்சார அடுப்பும் இல்லை. அம்மாவிடம் இருந்தது ஒரு கனமான குண்டான். அதற்கு ஒரு மூடி. கொஞ்சம் மணல். அவ்வளவுதான்.

பிஸ்கட் சுடும் விதம்

எழுதிக்கொள்ளுங்கள். மெதுவாகச் சொல்கிறேன்.

மைதா 1 தம்ளர்.
ரவை 2 ஸ்பூன்.
கடலை மாவு 2 ஸ்பூன்.
பொடித்த சர்க்கரை அரை தம்ளர்.
நெய் அல்லது டால்டா அரை தம்ளர்.
சமையல் சோடா ஒரு சிட்டிகை.
ஏலக்காய் இரண்டு.

முதலில் நெய்யையும் சர்க்கரையையும் ஒன்றாகச் சேர்த்து நன்றாகக் குழைக்க வேண்டும். வெள்ளையாக நுரைத்து வரும். பிறகு மாவு, ரவை, சோடா, ஏலப்பொடி சேர்த்துப் பிசைய வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. எலுமிச்சை அளவு உருண்டை பிடித்து, லேசாகத் தட்ட வேண்டும்.

குண்டானில் ஒரு அங்குலம் மணல் பரப்புங்கள். கழுவிக் காய வைத்த மணலாக இருக்கட்டும். மணலுக்குப் பதில் கல் உப்பும் போடலாம். அதன் மேல் ஒரு பிரிமனை வையுங்கள். இரும்புப் பிரிமனையாக இருக்க வேண்டும். மூடி போட்டுப் பத்து நிமிடம் காய விடுங்கள்.

பிறகு நெய் தடவிய தட்டில் பிஸ்கட்டை அடுக்குங்கள். ஒன்றுக்கொன்று இடம் விட்டு அடுக்க வேண்டும். தட்டைப் பிரிமனை மேல் வைத்து மூடுங்கள். தீயைக் குறையுங்கள். சுமார் இருபது நிமிடத்தில் வெந்துவிடும்.

அடிப்பக்கம் பொன்னிறமானால் எடுத்துவிடலாம். சூடாக இருக்கும்போது மெதுவாகத்தான் இருக்கும். வேகவில்லை என்று நினைத்து மறுபடி வைக்காதீர்கள். கருகிவிடும். ஆறினால் தானாக மொறுமொறுப்பாகும்.

பழைய குக்கரிலும் சுடலாம். ஆனால் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும். இதை மறக்கக் கூடாது.

நன்றாக ஆறிய பிறகுதான் டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் வேர்த்து நமத்துப் போகும்.

வாசனைக்கு வந்த விருந்தாளி

நெய் வாசனை தெருக்கோடி வரை போகும். பிள்ளைகள் வருவார்கள். வாடிக்கைக்காரர் வருவார்கள். கூடவே இன்னொருவரும் வருவார். அவருக்கு அழைப்பே வேண்டாம். அவர்தான் எலியார்.

எங்கள் வீடு பழைய லைன் வீடு. சுவரில் வெடிப்பு. கதவுக்கும் தரைக்கும் நடுவில் இரண்டு விரல் சந்து. மைதா மூட்டையாகவே மூலையில் கிடக்கும். பிஸ்கட் தூள் தரையில் சிந்திக் கிடக்கும். எலிக்கு வேறென்ன வேண்டும்?

மூட்டையைக் கடித்தது. மாவில் புழுக்கை போட்டது. அம்மா அந்த மாவை எல்லாம் கொட்ட வேண்டியதாயிற்று. ஒரு வாரச் சம்பாத்தியம் குப்பைக்குப் போயிற்று.

அம்மாவுக்குக் கோபம். கடையில் எலி மருந்துப் பசை வாங்கி வந்தார். உடைந்த பிஸ்கட்டில் அந்தப் பசையைத் தடவி, மாவு மூட்டைக்குப் பின்னால் வைத்தார்.

இது நடந்தது 2014ஆம் ஆண்டு. அப்போது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன்.

என் அக்கா மகனுக்கு அப்போது மூன்று வயது. அவன் மூட்டைக்குப் பின்னாலிருந்து வந்தான். கையில் அந்தப் பிஸ்கட். ஒரு ஓரம் கடித்திருந்தது. எலி கடித்ததா, அவன் கடித்தானா? யாருக்கும் தெரியவில்லை. அவன் விரலில் பசை ஒட்டியிருந்தது.

அம்மா அவன் வாயைக் கழுவினார். அவன் அழவில்லை. சிறிது நேரத்தில் விளையாடப் போய்விட்டான். "பையன் நல்லாத்தானே ஓடி ஆடுறான்? எதுக்கு ஆஸ்பத்திரி?" என்றார் அம்மா.

அப்போது பக்கத்து வீட்டு அண்ணி வந்தார். மருந்து டப்பாவை எடுத்துப் படித்தார். அவர் முகம் மாறிவிட்டது. "அத்தை, இது விஷம். இப்பவே கிளம்புங்க" என்றார். ஆட்டோ பிடித்து வந்ததும் அவர்தான். டப்பாவைக் கையோடு எடுத்து வந்ததும் அவர்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி இதுதான். "என்ன மருந்து? டப்பா எங்கே?" அண்ணி நீட்டினார்.

அந்தப் பசையில் இருந்தது மஞ்சள் பாஸ்பரஸ். அதற்கு மாற்று மருந்து கிடையாது. அது ஒரு கள்ள விஷம். முதலில் வயிற்று வலி, வாந்தி வரலாம். பிறகு ஒன்றிரண்டு நாள் ஆள் நன்றாக இருப்பதுபோல் தெரியும். உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். மஞ்சள் காமாலை வந்த பிறகு போனால், பல நேரம் கை மீறிவிடும்.

பையனை ஐந்து நாள் வைத்துக்கொண்டார்கள். தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஐந்து நாளும் அம்மா சாப்பிடவில்லை. பையன் பிழைத்தான். இன்று உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான்.

அந்த வருடம்தான் அம்மா படிக்க உட்கார்ந்தார். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அவர் இதோ, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இந்தக் கதையைச் சொல்லச் சொன்னதே அவர்தான்.

டப்பாவில் ஒரு அடையாளம்

எந்தப் பூச்சி மருந்து, எலி மருந்து வாங்கினாலும் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். அதில் ஒரு சாய்சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் ஒரு நிறம் இருக்கும்.

சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். மேல் பாதியில் மண்டை ஓடும் எலும்பும் போட்டிருக்கும்.
மஞ்சள் என்றால் கடுமையான விஷம்.
நீலம் என்றால் நடுத்தர விஷம்.
பச்சை என்றால் இவற்றில் குறைந்த விஷம்.

பச்சைதானே என்று அலட்சியம் வேண்டாம். அதுவும் விஷம்தான்.

தின்பண்டத்தில் மருந்து தடவி வைக்கவே கூடாது. குழந்தைக்குப் பிஸ்கட் என்றால் பிஸ்கட்தான். அதில் விஷம் இருப்பது அதற்கு எப்படித் தெரியும்?

யாராவது தின்றுவிட்டால் நாமாக வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் கொடுக்கக் கூடாது. உடனே 108க்குப் போன் செய்யுங்கள். மருந்து டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள். ஆள் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் போக வேண்டும்.

எலி ஏன் கெடுதல்?

எலி தின்பதைவிட வீணாக்குவது அதிகம். அது நோயும் கொண்டு வரும்.

எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் நம் காலில் உள்ள புண்ணில் பட்டால் எலிக் காய்ச்சல் வரலாம். காய்ச்சல் அடிக்கும். கெண்டைக்கால் வலிக்கும். கண் சிவக்கும். உடனே டாக்டரிடம் போனால் குணமாகும். தாமதித்தால் சிறுநீரகம், ஈரல் கெடும்.

பிளேக் நோயைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எலியின் உடம்பில் இருக்கும் தெள்ளுப்பூச்சிதான் அதைப் பரப்பும். எலி செத்தால் தெள்ளு மனிதனைத் தேடி வரும். 1896ஆம் ஆண்டு பம்பாயில் பிளேக் வந்தது. 1898இல் பெங்களூருக்கு வந்தது. ஏராளமானோர் இறந்தார்கள். பெங்களூரில் பிளேக் மாரியம்மன் கோயில் இருப்பது அந்தப் பயத்தால்தான். 1994இல் குஜராத்தில் சூரத் நகரத்தில் மறுபடி பிளேக் என்ற செய்தி வந்தது. மக்கள் ஊரைவிட்டே ஓடினார்கள். இப்போது இதற்கு நல்ல மருந்து இருக்கிறது. ஆனாலும் எலியோடு குடித்தனம் வேண்டாம்.

இன்னொன்று. எலி இருக்கும் இடத்துக்கு அதைத் தேடிப் பாம்பும் வரும்.

எலியைத் தடுக்க மூன்று வழி

முதல் வழி: சாப்பாடு கிடைக்கக் கூடாது.

மாவு, சர்க்கரை, ரவை எல்லாவற்றையும் மூடி உள்ள தகர டின்னிலோ எவர்சில்வர் டப்பாவிலோ வையுங்கள். சாக்கையும் பிளாஸ்டிக்கையும் எலி கடித்துவிடும். அதன் முன்பற்கள் சாகும் வரை வளரும். அதனால் எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கும். பிஸ்கட் சுட்ட அன்றே அடுப்படியைத் துடையுங்கள். எச்சில் பாத்திரத்தை இரவு போட்டு வைக்காதீர்கள். குப்பைக் கூடைக்கு மூடி வேண்டும்.

இரண்டாவது வழி: நுழைய இடம் இருக்கக் கூடாது.

ஒரு பென்சில் நுழையும் ஓட்டையில் சுண்டெலி நுழைந்துவிடும். கட்டைவிரல் நுழையும் ஓட்டை போதும், பெரிய எலியும் வந்துவிடும். சின்ன ஓட்டையில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை அழுத்தித் திணித்து, மேலே சிமெண்ட் பூசுங்கள். துணி, காகிதம் அடைத்துப் பயன் இல்லை. கதவின் அடியில் தகரப் பட்டை அடியுங்கள். சாக்கடைத் துவாரத்துக்குச் சல்லடை மூடி போடுங்கள். ஜன்னலுக்குக் கம்பி வலை அடியுங்கள்.

மூன்றாவது வழி: உள்ளே இருப்பதைப் பிடிக்க வேண்டும்.

எலிப்பொறி போதும். எலி சுவர் ஓரமாகத்தான் ஓடும். அதனால் பொறியையும் சுவர் ஓரமாக வையுங்கள். தேங்காய்ச் சில்லு, நிலக்கடலை, கருவாடு எது வேண்டுமானாலும் வைக்கலாம். ஒன்று பிடித்தவுடன் நிறுத்தாதீர்கள். சுண்டெலி மூன்று வாரத்தில் குட்டி போடும். ஒரு ஈற்றில் ஐந்தாறு குட்டி. அவை இரண்டு மாதத்துக்குள் தாமும் குட்டி போடத் தயாராகிவிடும்.

பூனை வளர்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். பூனை சில எலியைப் பிடிக்கும். ஆனால் பூனை ஓட்டையை அடைக்காது. அதை நாம்தான் அடைக்க வேண்டும்.

எலிப் புழுக்கையைக் காய்ந்தபடியே பெருக்காதீர்கள். தூசி மூக்கில் ஏறும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து, பத்து நிமிடம் கழித்து ஈரத் துணியால் துடையுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். எலி வாய் வைத்த மாவைச் சலித்துப் பயன்படுத்தக் கூடாது. கொட்டிவிடுங்கள்.

இன்றைய வீட்டு வேலை

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்று சொல்கிறோம். இருக்கட்டும். ஆனால் அந்த வளை நம் வீட்டுக்குள் வேண்டாம்.

எங்கள் வீட்டில் இப்போது மாவு டின்னில் இருக்கிறது. கதவில் தகரம் அடித்திருக்கிறோம். அம்மா இன்றும் பிஸ்கட் சுடுகிறார். எலி மருந்து வாங்குவதே இல்லை. யாராவது கடையில் வாங்குவதைப் பார்த்தால் நின்று டப்பாவைப் படித்துக் காட்டுகிறார்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இன்று இரவு கையில் இந்தப் பென்சிலை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். பென்சில் நுழையும் ஓட்டை எங்கெங்கே இருக்கிறது? எத்தனை இருக்கிறது? நோட்டில் எழுதுங்கள். நாளைக்கு வரும்போது கொண்டு வாருங்கள். ஒவ்வொருவராகப் படிப்போம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து சிமெண்ட் குழைப்போம். ஒரு வீட்டில் மட்டும் அடைத்தால் எலி பக்கத்து வீட்டுக்குப் போகும். லைன் முழுவதும் சேர்ந்து அடைத்தால்தான் பயன்.

வேலை முடிந்ததும் அம்மா எல்லோருக்கும் நெய் பிஸ்கட் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.