அடுத்தவர் கண்ணி: தொடர்கவிதையும் தாம்பரத்துத் திணைகளும்

1916இல் பாரதியார் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையை அறிமுகம் செய்தார். 1984இல் அமுதபாரதி, அறிவுமதி தொகுதிகள் வந்தபின் ஐக்கூ இங்கே வேரூன்றியது. ஆனால் நாம் எடுத்துக்கொண்டது ஒரு பெரிய வடிவத்தின் தலையை மட்டுமே. பலர் கூடி மாறிமாறிப் பாடும் ரெங்காவின் முதற்கண்ணிதான் தனித்து நின்று, மசாவோக்கா ஷிகியின் காலத்தில் ஐக்கூ எனப் பெயர் பெற்றது. சோகி, ஷோஹாக்கு, சோச்சோ மூவரும் 1488இல் மினாசேயில் நூறு கண்ணி பாடினார்கள். பின்னர் வந்த கவி பாஷோ முப்பத்தாறு கண்ணியை விரும்பினார். நாம் விட்டுவந்த அந்த உடல்தான் இந்தத் தென்சென்னைப் புறநகர் நிலத்தைப் பாட ஏற்றது என்பதே என் வாதம்.

ரெங்காவின் உயிர் ஒரே விதியில் இருக்கிறது: ஒவ்வொரு கண்ணியும் முந்தையதைப் பற்றிக்கொள்ள வேண்டும், அதற்கும் முந்தையதை விட்டு விலக வேண்டும். பள்ளிக்கரணைக் கோரைக்குள் நடக்கும் தாழைக்கோழியையும் குப்பைமேட்டுப் புகையையும் ஒருவர் பாடுகிறார் என்று கொள்வோம். அடுத்தவர் அந்தப் புகையில் கண்ணைக் கசக்கும் ஒரு பிள்ளையைக் காட்டுகிறார். மூன்றாமவர் அதே பிள்ளையைத் தாம்பரம் நடைமேடையில் நிறுத்துகிறார். ஊருக்குக் கிளம்பும் தாத்தாவின் ரயில் நகர்கிறது. இப்போது கண் கசங்குவது பிரிவால். சதுப்புநிலம் மறைந்தது, பிள்ளை மிஞ்சியது, நெய்தல் பாலையானது. திணை மயங்குவதைத் தொல்காப்பியம் விலக்கவில்லை என்பதை இங்கே நினைக்க வேண்டும்.

அந்தாதி இருக்க இது எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். காஞ்சிப் பொய்கையாரும் கடல்மல்லைப் பூதத்தாரும் மயிலைப் பேயாரும் பாடிய மூன்று அந்தாதிகளும் இந்த வட்டாரத்தைச் சூழ்ந்த ஊர்களின் சொத்து. ஆனால் அந்தாதியில் சொல் தொடர்கிறது, பொருள் ஒன்றையே சுற்றுகிறது, முடிவு தொடக்கத்துக்கு மீள்கிறது. ரெங்கா மீள்வதில்லை. பலர் பாடினால் தனிக்குரல் கரைந்துவிடும் என்பது இன்னும் கனமான மறுப்பு. ஐங்குறுநூற்றில் ஐந்து புலவர்கள் ஆளுக்கொரு திணையில் நூறு பாடினார்கள். கபிலரின் குறிஞ்சி அம்மூவனாரின் நெய்தலில் கரைந்துவிடவில்லை. அவர்கள் தனித்தனியே பாடியவர்கள்தானே என்றால், ஒருவர் தொடங்கிய வெண்பாவை மற்றவர் முடித்ததாக மரபு சொல்லும் இரட்டைப்புலவர் இருக்கிறார்கள். அடுத்தவர் அடிக்குக் காதுகொடுத்தவர்க்குக் குரல் கூர்மையாகுமே தவிரக் குறையாது.

ஜப்பானின் நான்கு பருவங்களை அப்படியே கொண்டுவருவது மட்டும் வீண்வேலை. நமக்குக் கார் முதல் முதுவேனில் வரை ஆறு பெரும்பொழுதுகள் உண்டு. வடகிழக்குப் பருவமழையே இங்கே ஆண்டின் அச்சு. 2015இல் அடையாறு முடிச்சூருக்குள் புகுந்ததை மழை அழகு என்று மட்டும் பாடிவிட முடியாது. 2022 ஏப்ரலில் பள்ளிக்கரணைச் சதுப்பிலுள்ள பெருங்குடிக் குப்பைக் கிடங்கு எரிந்தது. அதே ஆண்டு பள்ளிக்கரணை, பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஒரே சதுப்பின் இவ்விரு செய்திகளையும் ஒரு தனி ஐக்கூ தாங்காது, தொடர் தாங்கும். முப்பத்தாறு கண்ணியில் நிலவுக்கு மூன்று இடம், மலருக்கு இரண்டு இடம் என்பது மரபு. அந்த மலரிடத்தில் ஜப்பானியர் பாடும் செர்ரிக்கு ஈடாகச் சித்திரையில் பூக்கும் சரக்கொன்றையை முன்மொழிகிறேன்; புங்கமே தகும் என்போர் இந்த அமர்விலேயே தம் காரணங்களை வைக்கலாம்.