நீரிழிவும் நம் கடமையும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆடலும் பாடலும் நிகழவிருக்கும் இந்த மேடையில் நோயைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். குடும்பங்கள் யாவும் ஒருங்கே கூடும் நாள் ஆண்டுக்கு ஒன்றே. ஆதலின் குடும்பம் முழுதும் கேட்க வேண்டிய செய்தியை இன்றே சொல்வது நலம் எனக் கருதினேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடைபெற்று 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேர் நீரிழிவு உடையவர் என்றும், கேரளத்தில் வளர்ந்தோருள் நால்வர்க்கு ஒருவர் அந்நோயினர் என்றும் கூறுகிறது. “உமக்குச் சர்க்கரை இருக்கிறது” என்று அண்மையில் மருத்துவர் சொல்லக் கேட்டுத் திகைத்து நிற்கும் அன்பர் இந்த அவையிலும் இருப்பர். அவரையும் அவர் இல்லத்தாரையும் நோக்கியே பேசுகிறேன்.

நீர் மிகுதியாக இழிவதால் நீரிழிவு என்றனர் நம் முன்னோர். அந்நீர் இனித்தலால் மதுமேகம் என்றும் பெயர் வந்தது. நோயின் இயல்பை விளக்கத் தொலைவிற்குச் செல்ல வேண்டியதில்லை. நம் பள்ளிவாசல் மின் நிலையத்தையே பாருங்கள். முதிரப்புழை ஆற்றின் நீர் பெருங்குழாய்களின் வழியே மலைச்சரிவில் இறங்கிச் சக்கரங்களைச் சுழற்றுகிறது. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையமாக 1940-ஆம் ஆண்டில் அது இயங்கத் தொடங்கியது. மேலே எவ்வளவு நீர் நிறைந்திருப்பினும், வால்வு திறவாவிடில் சக்கரம் சுழலாது, விளக்கும் எரியாது. நம் உடம்பில் சர்க்கரையே அந்த நீர். இன்சுலின் என்பதே வால்வைத் திறக்கும் கை. அது குறைந்தாலும், அதன் கட்டளையை உடம்பு செவ்வனே ஏற்காவிட்டாலும், இரத்தத்தில் சர்க்கரை தேங்குகிறது. தசைகளோ பசியால் வாடுகின்றன. தாகமும் சோர்வும் உடல் மெலிவும் இதனால் தோன்றுவன. பலருக்கு இவற்றுள் ஒன்றும் தோன்றுவதில்லை. வலி இல்லாமையே இந்நோயின் வஞ்சனை.

எனவே நோயை அளவால் அறிய வேண்டும். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருப்பின் நீரிழிவு என்பது விதி. கடந்த மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்னும் சோதனையில் 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் இருப்பினும் அவ்வாறே. நோய்க்குறி இல்லாதவர்க்கு இரண்டாம் முறையும் சோதித்து உறுதி செய்வர். சிகிச்சை தொடங்கிய பின் பெரும்பாலோர் எட்ட வேண்டிய இலக்கு, வெறும் வயிற்றில் 80 முதல் 130. உண்டு இரண்டு மணி நேரத்திற்குப் பின் 180-க்குள். மூன்று மாதச் சராசரி 7 விழுக்காட்டிற்குள். முதியோர்க்கும் பிற நோய் உடையோர்க்கும் மருத்துவர் வேறு இலக்கு வகுப்பார்.

“வலியில்லையே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்போர்க்கு ஒரு வரலாறு சொல்வேன். பிரிட்டனில் 1977-ஆம் ஆண்டு தொடங்கி, புதிதாக நோய் கண்டறியப்பட்ட ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரை மருத்துவ அறிஞர்கள் பல்லாண்டுகள் ஆராய்ந்தனர். சர்க்கரையை உறுதியாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் முதலியவற்றின் நுண்குழாய்ச் சேதம் 25 விழுக்காடு குறைந்தது என்று 1998-இல் அறிவித்தனர். ஆய்வு முடிந்தபின் இரு பிரிவினரின் சர்க்கரை அளவும் ஒன்றுபோலாயிற்று. ஆயினும் தொடக்கத்தில் கட்டுப்பாட்டுடன் இருந்தோர்க்குப் பத்தாண்டு கழித்தும் நன்மை நீடித்தது என 2008-இல் வெளியிட்டனர். முதல் ஆண்டுகளில் நாம் செய்யும் நன்மையை உடம்பு மறப்பதில்லை. வெள்ளம் வருமுன் அணை கோலுக என்னும் பழமொழி இந்நோய்க்கே சொன்னது போலும்!

இனி, அணை கோலும் முறையைக் காண்போம்.

முதலாவது, தேநீர். கொழுந்து விளையும் மண்ணில் வாழும் நமக்குத் தேநீர் பகையன்று. அதில் கலக்கும் சர்க்கரையே பகை. நாள்தோறும் ஐந்து குவளை, குவளைக்கு இரண்டு கரண்டி, கரண்டிக்கு ஏறத்தாழ 5 கிராம் எனக் கொண்டால், நாளொன்றுக்கு 50 கிராம். இருபது நாளில் ஒரு கிலோ! வெல்லமும் கருப்பட்டியும் தேனும் சர்க்கரையின் உடன்பிறப்புகளே. அவற்றை இட்டுக் குடித்தல் பத்தியம் ஆகாது.

இரண்டாவது, சோறு. அதை அறவே துறக்க வேண்டியதில்லை, அளக்க வேண்டும். தட்டின் பாதியைக் கீரை, பீன்ஸ், முட்டைக்கோசு போன்ற காய்களுக்கு ஒதுக்குக. கால் பங்கு பயறு, மீன், முட்டை ஆகியவற்றில் ஒன்று. எஞ்சிய கால் பங்கே சோறு. கேழ்வரகுக் களியை வேண்டுமட்டும் உண்ணலாம் என்று நம்மவர் நம்புவது தவறு. மாவுப்பொருள் அதிலும் அரிசியை ஒத்தே உள்ளது. கப்பை என்னும் மரவள்ளிக் கிழங்கும் அவ்வாறே. அதனை உண்ணும் வேளையில் சோற்றை விடுக. பசித்திருந்து மயங்குவதும், பின்னர் இரு மடங்கு உண்பதும் கேடு.

மூன்றாவது, நடை. சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து பறிக்கும் நாளில் தசைகள் சர்க்கரையைத் தாமே வாங்கிக்கொள்கின்றன. ஓய்வு பெற்று லயத்துத் திண்ணையில் அமர்ந்தபின், வேலை நாளின் உணவு மட்டும் தொடர்கிறது, உழைப்பு நின்றுவிடுகிறது. அத்தகையோர் நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடப்பாராக.

நான்காவது, மருந்து. சர்க்கரை இறங்கியதும் மாத்திரையை நிறுத்துவோர் பலர். மழை ஓய்ந்தது என்று கூரையைப் பிரிப்பார் உண்டோ? மாத்திரையாலும் பத்தியத்தாலுமே அளவு இறங்கியது. குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் சொற்படியே ஆக வேண்டும். இன்சுலின் ஊசி என்றால் இறுதிக் கட்டம் என அஞ்சுவோரும் உண்டு. டொரண்டோ நகரில் 1922-இல் சாவின் விளிம்பில் இருந்த சிறுவன் ஒருவனுக்கு முதன்முதல் கொடுக்கப்பட்ட அம்மருந்து, அன்றுதொட்டு எண்ணற்ற உயிர்களைக் காத்துவருகிறது. சில குழந்தைகளுக்கு நோய் கண்ட நாள்முதலே அது இன்றியமையாதது.

மருந்து உண்போர் தாழ்வையும் அறிதல் வேண்டும். கை நடுக்கம், குளிர் வியர்வை, படபடப்பு, மயக்கம் தோன்றி அளவு 70-க்குக் கீழ் இருப்பின், உடனே மூன்று கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்க. கால்மணி கழித்து மீண்டும் சோதிக்க. நினைவற்றவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க. சர்க்கரை மிக உயர்ந்து, வாந்தியும் பெருமூச்சும் மனக்கலக்கமும் உண்டாயின், அப்போதும் ஒரு நாழிகை தாமதிக்கலாகாது. இன்சுலின் எடுப்போர், உணவு செல்லவில்லை என்று கருதி அதனைத் தாமே நிறுத்துதல் பெருந்தீங்கு.

ஐந்தாவதாக, நம் மலைக்கே உரிய எச்சரிக்கை ஒன்று. சர்க்கரை நெடுநாள் மிகுந்தால் பாதம் மரத்துப்போகும். குளிருக்கு அடுப்போரம் கால் நீட்டிக் காய்பவர், தோல் கருகுவதை உணரார். அட்டை கடித்த இடம் புண்ணானாலும், காலணிக்குள் கல் கிடந்தாலும் அறியார். ஆதலின் நெருப்பில் கால் காய்ச்சுதல் வேண்டா. வெந்நீரின் சூட்டைப் பிறர் கையால் பார்க்க. காலணியை உதறிய பின்னரே அணிக. இரவுதோறும் பாதத்தையும் விரலிடுக்கையும் வீட்டார் விளக்கொளியில் பார்ப்பாராக. சிறு புண்ணாயினும் மருத்துவரிடம் காட்டுக. கண்ணையும் சிறுநீரகத்தையும் ஆண்டுக்கொரு முறை சோதிப்பதும் கடமை.

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-ஆம் ஆண்டிலேயே நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கியவர் டாக்டர் எம். விசுவநாதன். அந்நாளில் ஒரு நகரத்து மருத்துவமனையில் தோன்றிய அக்கவனிப்பு, இன்று நம் இல்லந்தோறும் நிகழ வேண்டும். நோயாளிக்கு ஒரு சமையல், ஏனையோர்க்கு ஒரு சமையல் என்று பிரித்தால் அவர் தனித்துப்போவார். காயும் பயறும் மிகுந்து, இனிப்புக் குறைந்த உணவு பிள்ளைகளுக்கும் நல்லதே. பெற்றோர்க்கு நோய் இருப்பின், வளர்ந்த மக்களும் ஆண்டுதோறும் சோதித்துக்கொள்வாராக.

நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். திங்கள்தோறும் ஒரு ஞாயிறன்று, அரசு சுகாதார நிலையத்தாரின் உதவியுடன், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்க இந்த மண்டபத்தைத் திறந்து வையுங்கள். அளவுகளைக் குறித்துவைக்க ஒவ்வொருவர்க்கும் ஒரு குறிப்பேடு கொடுங்கள்.

சரிவில் ஏறும் காலும், கொழுந்தைத் தேர்ந்து காணும் கண்ணுமே நம் குடும்பங்களின் மூலதனம். அவற்றை நாளடைவில் கவரும் நோயை முதல் ஆண்டிலேயே அடக்குவோம் என்று இந்நன்னாளில் உறுதி கொள்வோமாக.