ஸ்லைட் ரூலும் அதன் சின்னப் புஸ்தகமும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அந்தக் காலத்தில் இஞ்சினீயரிங்கோ பௌதிகமோ படித்தவர்கள் வீட்டு பீரோவில் ஒரு ஸ்லைட் ரூல் இன்னமும் உறைக்குள் இருக்கக்கூடும். அதோடு வந்த சின்னப் புஸ்தகம் பெரும்பாலும் பழைய பேப்பரோடு போயிருக்கும். இன்று அந்தப் புஸ்தகத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் இளைஞர்களுக்காகக் கொஞ்சம் சரித்திரம். 1614-ல் நேப்பியர் லாகரிதத்தை வெளியிட்டார். பெருக்கலைக் கூட்டலாக்கும் வித்தை அது. அடுத்த சில வருஷங்களில் இங்கிலாந்துப் பாதிரியார் வில்லியம் ஆட்ரெட், லாகரித அளவுகள் பொறித்த இரண்டு கோல்களை ஒன்றையொட்டி ஒன்று நகர்த்திக் கணக்குப் போட்டார். சந்திரனுக்குப் போன அப்பல்லோ பிரயாணங்களிலும் பிக்கெட் கம்பெனியின் ஸ்லைட் ரூல் கூடச் சென்றது. 1972-ல் ஹ்யூலெட்-பேக்கார்டின் பாக்கெட் கால்குலேட்டர் வந்தபின் சில வருஷங்களிலேயே அதன் காலம் முடிந்தது.

ரூலோடு வந்த கையேடுகள் சாமானியப்பட்டவை அல்ல. கெஃபெல் அண்டு எஸ்ஸர் கம்பெனி ரூலுக்குக் கையேடு எழுதிய கெல்ஸ், கெர்ன், பிளாண்ட் மூவரும் அமெரிக்கக் கடற்படை அகாடமியின் கணித ஆசிரியர்கள்.

அப்படி அவை என்ன கற்பித்தன? 24-ஐ 35-ஆல் பெருக்க வேண்டும். சி அளவின் 1-ஐ டி அளவின் 2.4-க்கு நேராக நகர்த்துங்கள். சி-யில் 3.5-க்கு நேர் கீழே டி-யில் 8.4 வரும். ஆனால் விடை 8.4-ஆ, 84-ஆ, 840-ஆ என்பதை ரூல் சொல்லாது. கையேடு சொல்லும் வழி இது: முழு எண்களாக்கி மனக்கணக்காகப் போட்டுப் பார். 20-ஐ 40-ஆல் பெருக்கினால் 800. ஆகவே விடை 840. இலக்கங்களைக் கருவி தரும். புள்ளி வைக்கும் பொறுப்பு மனுஷனுடையது.

கால்குலேட்டர் புள்ளியையும் தானே வைத்துவிடுகிறது. ஒரு பூஜ்யம் கூடுதலாக அழுத்தினால் 8400 என்று கொஞ்சமும் தயங்காமல் காட்டும். உத்தேசம் தெரிந்த குழந்தை உடனே கண்டுபிடிக்கும். தெரியாத குழந்தை அப்படியே எழுதிக்கொள்ளும். பரீட்சையில் போனால் மார்க்கோடு போயிற்று. மருந்தின் அளவில் ஒரு புள்ளி தள்ளிப்போனால் பத்து மடங்கு அல்லவா?

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள். கையேடு இருந்தால் ரூலோடு சேர்த்தே வையுங்கள். இல்லாவிட்டால் ரூல் அடுத்த தலைமுறைக்கு வெறும் கட்டைதான். தொலைந்திருந்தால், சேகரிப்பாளர்கள் ஸ்கேன் செய்து இன்டர்நெட்டில் போட்டிருக்கிறார்கள். பேரன் பேத்தியே எடுத்துத் தருவார்கள். இரண்டாவது, கால்குலேட்டரைத் தொடுமுன் "விடை ஏறக்குறைய எவ்வளவு வரும், சொல்லு பார்க்கலாம்" என்று குழந்தையைக் கேளுங்கள். அதற்கு ஸ்லைட் ரூல்கூட வேண்டாம்.