தலைக்கட்டும் பரிவட்டமும்



ஆடியில் நம் அரக்கோணம் பக்கத்துக் கிராமங்களில் கூழ் வார்க்கும்போது வரி வசூல் நோட்டு ஒன்று வீடுவீடாகச் சுற்றி வரும். அதில் 'தலைக்கட்டுக்கு இவ்வளவு' என்று எழுதியிருப்பார்கள். தலைக்கட்டு என்றால் தலைப்பாகை. அதைக் கட்டிய குடும்பத் தலைவனுக்கும், பிறகு அவனுடைய குடித்தனத்துக்கும் அதுவே பெயராயிற்று. வரி கொடுக்கிற ஒவ்வொரு வீட்டையும் தலைப்பாகையின் பெயரால் எண்ணுகிற வழக்கம் நம்முடையது.

அத்தனை தலைக்கட்டும் சேர்ந்து நடத்துகிற திருவிழாவில் பரிவட்டம் மட்டும் ஒருசில தலைகளுக்கே போகிறது. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

பரிவட்டம் முதலில் சாமியின் ஆடை. கடையில் வாங்கி நாமே சுற்றிக்கொண்டால் அது வெறும் துணி. அம்மன் மேல் சாத்திய துணியைப் பூசாரி எடுத்து, பம்பை முழங்க, ஊர் பார்க்க நெற்றிக்கு மேல் சுற்றி முடிந்தால்தான் அது பரிவட்டம். கட்டுகிற வரிசையும் முக்கியம். நாட்டாண்மைக்கு முதலில், தர்மகர்த்தாவுக்கு அடுத்து என்று ஊருக்கு ஊர் ஒரு முறை இருக்கும். ஆட்சியில் இருப்பவர்களும் பரிவட்டத்தைக் கோயிலில்தான் பெற வேண்டும். திருமலைப் பிரம்மோற்சவத்துக்கு அரசின் சார்பில் பட்டு வஸ்திரம் கொண்டுவரும் ஆந்திர முதலமைச்சருக்கு, பேடி ஆஞ்சநேயர் கோயிலில் பரிவட்டம் கட்டிய பிறகே பட்டுத்தட்டு அவர் தலையில் ஏறும்.

காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கே மழைக்காடுகளில் வாழும் லேகா மக்களிடமும் தலையணிதான் தகுதியைச் சொல்கிறது. அவர்களுக்கு அரசன் கிடையாது. ப்வாமி என்னும் சங்கமே ஊரை நெறிப்படுத்தியது. ஆண்களுக்கு அதில் ஐந்து பெரும்படிகள். உச்சிப்படியின் பெயர் கிண்டி. சோழி கோத்த தொப்பியும், அதில் செருகிய யானைவால் மயிரும் கிண்டியை அடைந்தவரைக் காட்டிக்கொடுக்கும். பெண்களுக்கும் தனிப்படிகள் உண்டு. டேனியல் பீபுய்க் 1973இல் எழுதிய 'லேகா பண்பாடு' என்ற நூல் இதையெல்லாம் விரிவாகச் சொல்கிறது. பெல்ஜியக் காலனி ஆட்சி இந்தச் சங்கத்தை 1933இலும் 1948இலும் தடை செய்தது.

என்னை நின்று யோசிக்க வைத்தது அந்தத் தொப்பியை அடையும் வழி. இன்னார் பிள்ளை என்பதால் மட்டும் அது தலையில் ஏறாது. உறவினர் துணை வேண்டும், பொருளைப் பலருக்கும் பகிர்ந்து கொடுக்க வேண்டும். அதோடு பழமொழிகளைக் கற்று, நடத்தையில் நிதானம் காட்டி, படிப்படியாக ஏற வேண்டும். நம் பரிவட்டமோ பெரும்பாலான ஊர்களில் தகப்பன் தலையிலிருந்து மகன் தலைக்குத் தானாக வந்துவிடுகிறது. காட்டுவாசிகள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் மக்கள் இந்த ஒன்றில் நம்மைவிட நியாயமாக நடந்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நான் சிறுவனாக இருந்தபோது ஓர் ஊரில், முதல் பரிவட்டம் எந்தப் பங்காளிக்கு என்ற தகராறில், பூங்கரகம் விடியும்வரை குளக்கரையிலேயே இருந்தது. கூழ் புளித்துப் போயிற்று. பிள்ளைகள் பசியோடு தூங்கினார்கள். சிவகங்கைச் சீமையில் கண்டதேவித் தேர் பல ஆண்டுகள் ஓடாமல் நின்றதையும் நாடறியும். வடம் பிடிக்க யாருக்கு உரிமை, முதல் மரியாதை யாருக்கு என்ற கேள்விகள் அங்கே நீதிமன்றம்வரை போயின.

இதே மண்ணில்தான் சடாரியும் இருக்கிறது. சோளிங்கர் மலையேறி யோக நரசிம்மரைச் சேவித்தவர்கள் அதை அறிவார்கள். மகுடம் போன்ற வடிவம், மேலே பெருமாளின் திருவடி. நம்மாழ்வாராகவே அதைப் போற்றுகிறார்கள். தீர்த்தம் கொடுத்த கையோடு பட்டர் அதை ஒவ்வொரு தலையிலும் ஒரு கணம் வைத்து எடுக்கிறார். கூலிக்காரர் தலையிலும் கலெக்டர் தலையிலும் அதே சடாரிதான். கோயில் வாசலே பலருக்கு மூடியிருந்த காலமும் இருந்தது. 1939 ஜூலையில் மதுரையில் வைத்தியநாத ஐயர் தலைமையில் நடந்த ஆலயப் பிரவேசத்துக்குப் பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வாசல் திறந்த பிறகு சடாரி யாரையும் விலக்கவில்லை. பரிவட்டம் இன்னும் விலக்குகிறது.

சாமி வரும் வழியில் மாத்து விரிக்கிற வண்ணாரை நினைத்துப் பாருங்கள். சாமியின் கால்படும் துணி அவர் கையால் வெளுத்தது. கரகக் குடம் செய்தவர், இரவெல்லாம் பம்பை அடித்தவர், கூழ் காய்ச்சிய பெண்கள், இவர்களில் யாருக்காவது பரிவட்டம் கட்டியதை நான் இதுவரை பார்த்ததில்லை. கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்துகிற பெண்ணைச் சில ஊர் நோட்டுகளில் அரைத்தலைக்கட்டாகவே எழுதுகிறார்கள். அவள் சுமப்பது முழுக் குடும்பத்தை.

இங்கே வந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். வரி நோட்டில் அந்த 'அரை'யை அடித்துவிடுங்கள். அடுத்த ஆடியில் முதல் பரிவட்டத்தை மாத்து விரிப்பவர் தலையில் கட்டுங்கள். அதற்கு அடுத்த ஆண்டு கூழ் காய்ச்சிய அம்மாவுக்குக் கட்டுங்கள்.