கத்தரிச் செடிக்கு என்ன நோய்?

செமோர் வட்டாரத்தில் வீட்டுக் கொல்லையில் கத்தரி போட்டிருப்போருக்கு ஒரு வார்த்தை. செடி வாடியதும் பூஞ்சண மருந்து வாங்கி அடிப்பவர்கள் உண்டு. நோய் வேறாக இருந்தால் காசும் போகும், செடியும் போகும்.

காயைப் பாருங்கள். குழிவிழுந்த பழுப்புப் புள்ளியும், அதன்மேல் வளையம் வளையமாகக் கடுகினும் சிறிய கரும்புள்ளிகளும் இருந்தால், அது போமாப்சிஸ் என்னும் பூஞ்சண நோய். இலையிலும் வட்டப் புள்ளிகள் விழும். அந்தக் காயிலிருந்து விதை எடுக்காதீர்கள். விதை வழியாகவும் நோய் தொடரும். நோய்கண்ட காய்களையும் இலைகளையும் பறித்து அப்புறப்படுத்துங்கள்.

இலை பச்சையாக இருக்கும்போதே செடி திடீரெனத் துவண்டுவிட்டதா? அடித்தண்டை நறுக்கி, வெட்டிய முனையைத் தெளிந்த தண்ணீருள்ள கண்ணாடிக் குவளைக்குள் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால்போல் வெண்மையான இழை இறங்கினால், அது பாக்டீரியா வாடல் நோய். பூஞ்சண மருந்து அதற்குப் பலிக்காது. செடியை வேரோடு பிடுங்கி அகற்றுங்கள், கத்தியைக் கழுவுங்கள். அதே இடத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய் நடவேண்டாம்; சோளம் போடலாம்.

இழை இறங்காமல், கீழ் இலைகள் மஞ்சளித்து மெல்ல மெல்ல வாடினால், பூஞ்சண வாடலாக இருக்கலாம். அந்தச் செடியுடன் விவசாய இலாகா அதிகாரியைக் கேளுங்கள்.

மருந்துக்குக் காசு எடுக்குமுன் ஒரு குவளைத் தண்ணீர் எடுங்கள்.